பேர் விசாரிப்பவர்

குழந்தைக்குப் பேர் வைக்கும் வீட்டில் தொட்டிலை ஒட்டிய நாற்காலி இவருடையது. குழந்தை யார் ஜாடை என்பதில் இவருக்கு அக்கறை கிடையாது. "பேரு என்ன தம்பி?" என்பார். அப்பா "இனியன்" என்றதும் முகம் வாடிவிடும்.

ஒருகாலத்தில் வேலை சுலபமாக இருந்தது. பேரின் வாலிலேயே சாதி தொங்கியது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டத்தை விடச்சொல்லித் தீர்மானம் போட்டது. தமிழ்நாடு பெரும்பாலும் விட்டும்விட்டது. இவர் அசரவில்லை. மாடசாமி, முனியம்மாள், சீனிவாசன் என்று சாமிகள் துப்புக் கொடுத்துக்கொண்டிருந்தன. இப்போது கவின், நிலா என்று பிள்ளைகள் ஒரு துப்பும் தராமல் தூங்குகிறார்கள்.

ஆகவே விசாரணை நீண்டுவிட்டது.

"நல்ல தமிழ்ப் பேரு. தாத்தா பேரு?"

"ராமசாமி." எல்லாச் சாதியிலும் உள்ள பேர்.

"ஊரு?"

"திருநெல்வேலி."

"திருநெல்வேலியேவா?"

"பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

ஊர் பிடிபட்டதும் தெரு. தெருவும் நழுவினால் குலதெய்வம். "சாஸ்தா" என்று பதில் வரும். அந்தச் சீமையில் சாஸ்தாவைக் கும்பிடாத சாதி அரிது. "எந்த சாஸ்தா?" என்பார். அதற்குள் பாயசம் ஆறிவிடும். "சும்மாதான் கேட்டேன்" என்று முதுகைத் தடவிக்கொடுப்பார். பூணூல் தட்டுப்படுகிறதா என்ற கடைசிச் சோதனை அது.

யாராவது பிள்ளைக்குப் பாட்டன் பேரான கருப்பசாமியை வைக்க நினைத்தால், "ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்கப்பா" என்று தடுப்பவரும் இவரே. கேலி செய்பவர்களில் தாமும் ஒருவர் என்பதைச் சொல்வதில்லை. சூத்திரனின் பேர் இழிவாக ஒலிக்க வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. இவர் அதைப் படித்ததில்லை, படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

இதே ஆள் வீட்டுக்காரராகவோ வேலைக்கு ஆள் எடுப்பவராகவோ வாய்த்தால் சிரிக்க முடியாது. தகுதியை மாற்றாமல் பேரை மட்டும் மாற்றித் தனியார் வேலைகளுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தது, சுகதேவ் தோராட்டும் பால் அட்டெவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. தலித், முஸ்லிம் பேர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. இனியனின் பெற்றோர் இனியன் என்று வைத்ததற்கு அழகு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.

விடை கிடைக்காத நாளிலும் இவர் சோர்வதில்லை. எப்படியும் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிப்பார்கள். அதில் தாய்மாமன்கள், பெரியப்பாக்கள், சம்பந்திகள் பேரெல்லாம் வரிசையாக வரும். அதுவரை பொறுத்திருப்பார்.