வெளியே: மதுரைக் கொட்டகைச் சிவப்புப் பெட்டிகள் குறித்த ஓர் ஆராய்ச்சி

மதுரையை ஆராய்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கோபுரத்தை அளந்தார்கள், மகால் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார்கள், கீழடியில் குழி தோண்டினார்கள். ஆனால் இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இருட்டில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்துவந்த ஒரு சாசனத்தை இதுவரை எவரும் படியெடுக்கவில்லை. தகரப் பெட்டி, முன்புறம் கண்ணாடி, உள்ளே ஒரு பல்பு, சிவப்பாக மூன்றே எழுத்து: வெளியே.

முதலில் காலம். மதுரையின் ஆதி வெளிவழி விளக்கைச் சினிமாக் கொட்டகையில் தேடுவோர் ஏமாறுவர். அது விளக்குத்தூண் என்க. என்னை எனின், 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். அதுவரை வாசல் வழியாக மட்டும் போய்வந்த ஊர் நாலாபுறமும் திறந்துகொண்டது. அவர் பெயரால் ஊரார் நட்டதே அந்தத் தூண். இத்தனை பெரிய வழி திறந்ததற்கு ஒரு விளக்கு. அதில் 'வெளியே' என்று எழுதவில்லையே என்று மறுப்பார்க்கு விடை வருமாறு: தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தூணைச் சுற்றியுள்ள பஜாரில் சிக்கிக்கொண்டு, பையும் பிள்ளையுமாகத் திசை தெரியாமல் நிற்பவர் தூணைத்தான் தேடுகிறார். எழுத்து எதற்கு?

சட்டப்படியான பலகைக்குக் காரணம் நெருப்பு. 1903இல் சிகாகோவின் இராக்வாய் நாடக அரங்கில் 602 பேர் மாண்டார்கள். வழிகள் இருந்தும் பல திரைச்சீலைக்குப் பின்னால் மறைந்திருந்தன. 1911இல் நியூயார்க்கில் ஒரு தையல் ஆலையில் 146 பேர். அங்கே கதவு பூட்டியிருந்தது. அந்தக்காலப் பிலிமும் நைட்ரேட் சரக்கு, தீக்குச்சிக்குத் தம்பி. ஆகவே கொட்டகைக்கு லைசென்ஸ் கேட்கும் 1918ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, பிறகு நம் மாநிலத்துக்கென்று 1955இல் தனிச்சட்டம், 1957இல் விதிகள்.

இவ்விதிகளுக்கு அஞ்சாத ஒரே இனம் டூரிங் டாக்கீஸ். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கீற்றுக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தவனுக்கு வெளியே போக வழிகாட்டியா வேண்டும்? தட்டியைத் தூக்கினால் வெளி. டிக்கெட் இல்லாதவன் உள்ளே வந்ததும் அந்த வழிதான்.

நகரத்துக் கதை வேறு. 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் லாபத்தில் மதுரையில் அதே பெயரில் ஒரு தியேட்டரே எழுந்தது. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்பது மதுரைக்காரர் எவரும் விட்டுக்கொடுக்காத கட்சி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால் அந்தச் சிவப்புப் பெட்டியின் பொறுப்பு எத்தகையது என்பதை வாசகர் ஊகித்துக்கொள்க. அந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை.

ஜவுளிக்கடைகளில் தொங்குவது பச்சை. அதில் எழுத்தைவிட ஒரு மனிதன் முக்கியம்: கதவை நோக்கி ஓடிக்கொண்டேயிருக்கிறான். அவன் ஜப்பான்காரன். 1973இல் குமாமோட்டோ நகரின் பல்பொருள் அங்காடியில் நூறு பேருக்கு மேல் தீயில் இறந்த பிறகு, யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளரின் குழு செதுக்கிய உருவம். 1980களில் உலகத் தரமாகிவிட்டது.

சிவப்பா பச்சையா என்ற வழக்கை அறிவியல் தீர்த்துவைக்கிறது. அந்தி மயங்கும்போது சிவப்புப் பூ கறுத்துப்போவதையும் பச்சை இலை துலங்குவதையும் பர்கிஞ்சே என்ற செக் நாட்டு அறிஞர் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு சொன்னார். இருட்டுக்குப் பழகிய கண் 507 நானோமீட்டர் அருகே, அதாவது நீலம் கலந்த பச்சையில், மிகக் கூர்மை. சிவப்பை அது சட்டை செய்வதில்லை. இதிலிருந்து பெறப்படுவது: சிவப்பு விளக்கு கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்காததால் படத்துக்கு நல்லது, பச்சை உயிருக்கு நல்லது. நம் முன்னோர் எதைத் தேர்ந்தார்கள் என்பது வெளிப்படை.

பழைய பெட்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாட்டரி கிடையாது. கரண்ட் இருந்து படம் ஓடும்வரை வழி காட்டும். கரண்ட் போனதும் அதுவும் அணையும். 1997இல் தீப்பிடித்த டெல்லி உபஹார் தியேட்டரில் வழியை அடைத்துக் கூடுதல் இருக்கை போட்டிருந்தார்கள், அவசர விளக்கும் இல்லை. 59 பேர் செத்தார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஆய்வாளர் விளையாடவில்லை.

இனிப் புதுப்பித்தல். சரக்கு கிடைக்குமிடம் பழைய இரும்புக் கடை. அங்கே பெட்டிக்கு எடைதான் விலை, கண்ணாடிக்கு மதிப்பில்லை. ஆய்வாளனுக்கோ கண்ணாடிதான் எல்லாம். திறந்தால் ஒட்டடை, பல்லி முட்டை, இரண்டு தலைமுறைப் பீடிப் புகை. கண்ணாடியின் உட்புறத்தில்தான் பெயின்ட் இருக்கும். ஆகவே ஈரத்துணி வெளிப்புறத்தோடு நிற்கவேண்டும். உள்ளே பட்டால் சாசனம் உரிந்து கையோடு வந்துவிடும். ஜீரோ வாட் பல்பு என்பது பெயரளவில்தான் ஜீரோ, ஏறத்தாழ 15 வாட் இழுக்கும். அந்தச் சூட்டில் பல்புக்கு நேர் எதிரே உள்ள எழுத்து முதலில் பொரிந்துபோகும். 'ளி' உதிர்ந்து 'வெ யே' என்று நிற்கும் பிரதிகள் இவ்வாறு தோன்றின. இதை ஏடெழுதியவர் பிழை என்று கொள்வது பேதைமை.

துணி சுற்றிய பழைய ஒயரைப் பழமையின் பேரால் விட்டுவைப்பவர் அடுத்த ஆய்வுக்கு இருக்கமாட்டார். மாற்றிவிட்டு, தகரத்துக்கு எர்த்தும் கொடுக்கவேண்டும். எல்ஈடி போடுவோர் வெள்ளை போட்டால் சிவப்பு சோகை பிடித்துத் தெரியும். மஞ்சள் சாயலே தகும். துருவைச் சுரண்டலாமா கூடாதா என்பதில் இரு கட்சிகள் உண்டு. அவற்றுக்கு இடையிலான பகை வடகலை தென்கலையைப்போலத் தீராதது. அடியேன் துருவின் பக்கம்.

மாட்டும் இடம் பற்றி நூல்கள் ஒன்றும் சொல்லவில்லை. பட்டாசாலையில், வாசற்கதவுக்கு மேலே மாட்டினேன். அவ்வாரமே உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியப்பா, செருப்பைக் கழற்றி உட்கார்ந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏப்பா, வந்தவுகள வெளிய போகச் சொல்றதுக்கு லைட்டு வேற போட்டு வச்சிருக்கியா?" என்றார். சமாதானம் சொல்லக் காப்பி இரண்டு ரவுண்டு ஆயிற்று. அன்றிலிருந்து ஸ்விட்ச் என் மனைவியின் ஆளுகையில் இருக்கிறது. பகலில் போடுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேலும் எழுந்திருக்காத நண்பர்கள் இருந்தால் மட்டும், சமையலறையிலிருந்து வந்து, ஒன்றும் பேசாமல், ஒரே ஒரு தட்டு. 1957ஆம் ஆண்டு விதிகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக அரங்கம் காலியாகிறது.