இரண்டு ரொட்டி, நடுவே ஒரு வதந்தி

சாண்ட்விச்சைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் இங்கிலாந்துக்காரர் யோசிக்காமல் ஒரு பிரபுவைக் கைகாட்டுவார். யூதர்களுக்குச் சிரிப்பு வரும். இயேசு பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஹில்லெல் என்ற அவர்களுடைய ஞானி, பஸ்கா விருந்தில் ஆட்டிறைச்சியையும் கசப்புக் கீரையையும் புளிக்காத ரொட்டியோடு சேர்த்துப் பிடித்துத் தின்றுவிட்டார். அவர் நினைவாகப் பஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் இன்றும் கசப்புக் கீரையையும் ரொட்டியையும் அப்படிச் சேர்த்து ஒரு வாய் சாப்பிடுகின்றன. ஆனாலும் அந்தப் பண்டத்தை உலகம் ஹில்லெல் என்று கூப்பிடவில்லை. தப்பு அவர்மேல்தான். எகிப்தில் முன்னோர் பட்ட கசப்பை நினைத்துக்கொண்டு, வேதம் சொன்னபடி பயபக்தியோடு சாப்பிட்டிருக்கிறார். அப்படியெல்லாம் சாப்பிட்டால் எவன் பேசுவான்? தின்னும் பண்டத்துக்கு உங்கள் பெயர் ஒட்ட வேண்டுமானால், தின்னும்போது ஏதாவது வேண்டாத காரியம் செய்துகொண்டிருக்க வேண்டும். செய்யாவிட்டாலும் பரவாயில்லை, செய்ததாக ஒருவன் எழுதிவைத்தால் போதும்.

அந்தப் பாக்கியம் ஜான் மாண்டகுவுக்குக் கிடைத்தது. நான்காவது சாண்ட்விச் பிரபு, 1718இல் பிறந்தவர். அப்பா முன்னமே போய்விட்டார், தாத்தாவும் போய்ச் சேர்ந்ததும் பத்து வயதிலேயே பட்டம் வந்து மடியில் விழுந்தது. வளர்ந்து மூன்று தடவை கடற்படை அமைச்சர் ஆனார். இதெல்லாம் யாருக்கு ஞாபகம்? 1765இல் பியேர் ஜான் குரோஸ்லி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனைச் சுற்றிப் பார்க்க வந்தார். ஊர் திரும்பி 1770இல் ஒரு புத்தகம் போட்டார். ஒரு மந்திரி 24 மணி நேரம் சூதாட்ட மேசையை விட்டு எழவே இல்லையாம். வாட்டிய இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே கொஞ்சம் மாட்டிறைச்சி, அதுதான் அன்றைக்கு முழு ஆகாரமாம். அந்தப் பண்டம் அந்த மந்திரியின் பெயராலேயே லண்டனில் பிரபலமாகிவிட்டதாம். மந்திரி யார் என்று மட்டும் குரோஸ்லி எழுதவில்லை. எவ்வளவு கண்ணியம் பாருங்கள்! ‘ஆளைச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் பெயரில் ஒரு தோசை இருக்கிறது’ என்பது மாதிரியான கண்ணியம்.

எந்தக் கையில் சீட்டு, எந்தக் கையில் ரொட்டி என்றும் அவர் எழுதவில்லை. நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி அந்த மேசைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுதான். பிரபு இடது கையால் சாப்பிட்டிருந்தால் சூதாட்டத்தைக்கூட மன்னித்திருப்பாள், அதை மன்னித்திருக்க மாட்டாள்.

உண்மையில் குரோஸ்லி கப்பல் ஏறுவதற்கு மூன்று வருஷம் முன்பே சாண்ட்விச் லண்டனில் உலவிக்கொண்டிருந்தது. 1762 நவம்பர் 24ஆம் தேதி எட்வர்ட் கிப்பன் தன் டயரியில் எழுதியிருக்கிறார். கோகோ ட்ரீ என்ற கிளப்பில், ராஜ்ஜியத்தின் பெரிய தலைகள் இருபது முப்பது பேர் சின்னச் சின்ன மேசைகளில் உட்கார்ந்து, ஆறிப்போன இறைச்சியோ சாண்ட்விச்சோ தின்று, பஞ்ச் குடித்துக்கொண்டிருந்தார்களாம். ரோமப் பேரரசு சீரழிந்து சாய்ந்த கதையைப் பிற்பாடு ஆறு தொகுதியாக எழுதினாரே, அதே கிப்பன்தான். பயிற்சி எங்கே ஆரம்பித்தது என்று தெரிகிறது.

பிரபுவின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய ராட்ஜர் என்ற கடற்படை வரலாற்றாசிரியர் வேறு மாதிரி சொல்கிறார். அந்தக் காலத்தில் பிரபுவுக்குத் தலைக்கு மேல் வேலை. பெரிய சூதாடி என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரவில் ஆபீஸ் மேசையில் கோப்புகளைப் பார்த்துக்கொண்டே அதைத் தின்றிருப்பார் என்பதுதான் பொருத்தம். நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு மந்திரி ராத்திரியில் உட்கார்ந்து வேலை பார்த்தார் என்பதைச் சூதாட்டக் கதையைவிட நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர்மேல் எதைச் சொன்னாலும் ஒட்டிக்கொண்டதற்கு அவரே காரணம். 1763இல் ஜான் வில்க்ஸ் என்ற அரசியல் எதிரியை மாட்டிவிட, அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஓர் ஆபாசக் கவிதையைப் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று வாசித்தார் சாண்ட்விச். வில்க்ஸும் இவரும் மெட்மன்ஹாம் மடத்துக் கூத்துகளில் ஒன்றாகக் கும்மாளம் போட்ட பழைய சேக்காளிகள் என்பது ஊருக்கே தெரியும். சாத்தான் வேதம் ஓதியதை லண்டன் நிம்மதியாக உட்கார்ந்து ரசித்தது. அன்று மேடையில் ஓடிய ‘பெக்கர்ஸ் ஆப்பெரா’வில் சகாவைக் காட்டிக்கொடுக்கும் திருடன் ஒருவன் வருவான், ஜெம்மி ட்விச்சர் என்று. அந்தப் பெயரைத் தூக்கிப் பிரபுவுக்குச் சூட்டிவிட்டார்கள். ஆக, பட்டப்பெயர் மேடையிலிருந்து கிடைத்தது, பட்டமோ அடுப்பங்கரைக்குப் போனது. அந்த மாட்டிறைச்சியை வெட்டி ரொட்டியில் வைத்துக் கொடுத்த சமையல்காரன் பெயரை மட்டும் எவனும் குறித்துவைக்கவில்லை.

கடற்படை அமைச்சரான பிரபுவிடம் பெரிய நன்றிக்கடனோடு கேப்டன் குக் 1778இல் ஹவாய்த் தீவுகளுக்குச் சாண்ட்விச் தீவுகள் என்று பெயர் வைத்தார். அடுத்த வருஷம் அங்கேயே அடிபட்டுச் செத்தார். தீவுகள் காலப்போக்கில் அந்தப் பெயரை உதறிவிட்டன, ரொட்டியால்தான் உதற முடியவில்லை. பிரபு கடற்படையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்காவும் கைநழுவியது. தேயிலையைக் கடலில் கொட்டிய அமெரிக்கர்கள் சாண்ட்விச்சைக் கொட்டவில்லை, வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2004இல் பதினோராவது சாண்ட்விச் பிரபு தன் மகனோடு கூட்டுச் சேர்ந்து, மூதாதை தொலைத்த அதே நாட்டில், ஃப்ளோரிடா டிஸ்னி வளாகத்தில், பரம்பரைப் பெயரிலேயே சாண்ட்விச் கடை திறந்தார். படையெடுப்பு என்றால் இப்படி நிதானமாகச் செய்ய வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாண்ட்விச் சூதாட்ட மேசையை விட்டு எழுந்து, முகம் கழுவி, தேநீர் விருந்துக்குப் போனது. மாட்டிறைச்சி போய் வெள்ளரிக்காய் வந்தது. கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிய வில்லை, ஓரம் வெட்டிய ரொட்டி, கொஞ்சம் வெண்ணெய். இதைத் தின்றால் பசி அடங்காது. அதுதான் பெருமையே: பசியோடு வந்தவன் கனவான் இல்லை. ஆஸ்கர் வைல்டின் 1895ஆம் வருஷத்து நாடகத்தில், அத்தை வருகிறாள் என்று செய்துவைத்த வெள்ளரிக்காய் சாண்ட்விச் அத்தனையையும் அல்ஜெர்னான் ஒருவனே பேச்சுவாக்கில் தின்று தீர்த்துவிடுகிறான். அத்தை வந்து தட்டைத் தேடினால், சந்தையில் வெள்ளரிக்காயே கிடைக்கவில்லை என்று வேலைக்காரன் கண்ணைச் சிமிட்டாமல் பொய் சொல்கிறான். அதே வெள்ளரிக்காய் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்த பிறகு தெருவில் நின்று உழைக்கக் கற்றுக்கொண்டது. பச்சைச் சட்னி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், தக்காளி, வெங்காயம், மேலே மசாலாத் தூள். எதை எதற்குள் வைப்பது என்ற உலகச் சண்டையில் நான் பம்பாய்க் கட்சி. பீட்ரூட்டின் சிவப்பு ரொட்டியில் ஊறி வெளியே தெரியாவிட்டால் அது எனக்குச் சாண்ட்விச் கணக்கில் சேராது.

எதையுமே வைக்காத கட்சியும் ஒன்று உண்டு. இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட பிரசித்தி பெற்ற இல்லறப் புத்தகத்தில் டோஸ்ட் சாண்ட்விச் என்று ஒரு குறிப்பு. வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே, வாட்டி ஆறவைத்த இன்னொரு ரொட்டித் துண்டு, உப்பு, மிளகுத்தூள். அவ்வளவுதான். ரொட்டிக்குள் ரொட்டி! இது நோயாளிகளுக்கான அத்தியாயத்தில் வருகிறது. காய்ச்சல் வந்தால்தான் பிரெட் பாக்கெட் வாங்குகிற நம் வீடுகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த அம்மாள் நம்மைவிட ஒரு துண்டு தாராளம். 150 வருஷம் கழித்து, 2011இல், லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதற்கு மறுவாழ்வு கொடுத்தது. விலை 7.5 பென்ஸ், நாட்டிலேயே மலிவான மதிய உணவு இதுதான், இதைவிட மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 200 பவுண்டு என்று சவால்விட்டது. வேதியியல் அறிஞர்கள் சமையலில் இறங்கினால் வேறென்ன நடக்கும்.

முதல் உலகப் போரையும் ஒரு சாண்ட்விச் தலையில் கட்டப் பார்த்தார்கள். 1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசரின் கார் வழி தவறி வந்து நின்ற இடத்தில், அவரைச் சுட்டுக்கொன்ற கவ்ரிலோ பிரின்சிப் ஒரு சாண்ட்விச் வாங்கித் தின்றுகொண்டிருந்தான், பசி மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால் போரே வந்திருக்காது என்று ஒரு கதை உலவுகிறது. அவன் நின்றது ஷில்லர் என்பவரின் தின்பண்டக் கடை வாசலில் என்பது நிஜம். அவன் எதையாவது தின்றான் என்பதற்குத்தான் ஒரு துளிச் சாட்சியம் கிடையாது. துப்பாக்கியோடு நின்றவன் கையில் எண்பது தொண்ணூறு வருஷம் கழித்து ரொட்டியைத் திணித்திருக்கிறார்கள். பிரபுவுக்கு நடந்ததே இவனுக்கும்.

போர் நிஜமாகவே ரொட்டியில் கைவைத்தது அடுத்த தடவை. ஆட்டோ ரோவெடர் என்ற நகைக்கடைக்காரர், கடைகளை விற்று, பட்டறை தீப்பிடித்து எல்லாம் கருகியும் விடாமல், ரொட்டியைத் துண்டு போடும் இயந்திரத்தைச் செய்து முடித்திருந்தார். 1928இல் மிசௌரி மாநிலத்துச் சில்லிகாத்தேயில் துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது. அடுத்த பதினைந்து வருஷத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் ரொட்டிக் கத்தியைப் பிடிக்கவே மறந்துவிட்டன. 1943 ஜனவரி 18ஆம் தேதி உணவு நிர்வாகத்தைக் கவனித்த கிளாட் விக்கார்ட், துண்டு போட்ட ரொட்டிக்குத் தடை போட்டார். துண்டு போட்டால் சீக்கிரம் காயும், காயாமலிருக்கக் கனமான மெழுகுத்தாள் வேண்டும், போர்க்காலத்தில் தாள் அநாவசியம் என்பது கணக்கு. சர்க்கரை ரேஷனைத் தாங்கியாயிற்று, காப்பி ரேஷனைத் தாங்கியாயிற்று, இதைத் தாங்க முடியவில்லை. புருஷனுக்கும் நாலு பிள்ளைகளுக்கும் காலை அவசரத்தில் 22 துண்டு வெட்ட வேண்டியிருக்கிறது என்று ஓர் இல்லத்தரசி பத்திரிகைக்கு எழுதினார். ஏழு வாரம் தாக்குப்பிடித்துவிட்டு மார்ச் 8ஆம் தேதி விக்கார்ட் இறங்கிவந்தார். எதிர்பார்த்த அளவுக்கு மிச்சமாகவில்லையாம். ஹிட்லரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டம்மாவைச் சமாளிப்போம் என்று அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

எல்விஸ் பிரெஸ்லி விவகாரத்தில் வதந்தி கலக்கத் தேவையே இருக்கவில்லை. டென்வரில் ஓர் உணவகம். முழு ரொட்டி ஒன்றைக் குடைந்து, அதில் ஒரு ஜாடி வேர்க்கடலை வெண்ணெய், ஒரு ஜாடி ஜெல்லி, ஒரு பவுண்டு பன்றிக்கறி பேக்கன் அடைத்து 49.95 டாலருக்கு விற்றது. 1976இல் ஓர் இரவு அதை நினைத்து நாக்கில் நீர் ஊற, மெம்ஃபிஸிலிருந்து சொந்த ஜெட்டில் ஏறி, சுமார் 1,400 கிலோமீட்டர் பறந்து, விமான நிலையத்திலேயே கொண்டுவரச் சொல்லித் தின்றுவிட்டு, ஊருக்குள் கால் வைக்காமல் திரும்பிப் பறந்தார்.

ஜான் யங் அதைவிட உயரம் போனவர். 1965 மார்ச் 23, ஜெமினி 3 விண்கலம். யங்கும் கஸ் கிரிஸமும் பூமியை மூன்று சுற்று சுற்றிவர வேண்டும். விண்வெளி உணவைத் தின்று பார்ப்பதும் யங்கின் வேலைகளில் ஒன்று: தண்ணீர் ஊற்றிக் குழைக்கும் பொட்டலங்கள், பொடி உதிராமல் ஜெலட்டின் பூசிய கட்டிகள். பொறியாளர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துச் செய்தவை. சக விண்வெளி வீரர் வாலி ஷிரா, கோகோ பீச்சில் ஒரு கடையில் கார்ன்ட் பீஃப் வைத்த ரை ரொட்டி சாண்ட்விச் ஒன்றை வாங்கி யங்கிடம் கொடுத்தார். யங் அதைத் தன் உடையின் பையில் செருகிக்கொண்டார். விண்ணில் போய் மெதுவாக எடுத்து நீட்டியபோது கிரிஸம் ஒரு கடி கடித்தார். துகள் பிரிந்து மிதக்க ஆரம்பித்தது. பயந்துபோய் மிச்சத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்தார்கள். மக்கள் வரிப்பணத்தில் உணவு ஆராய்ச்சி செய்தால், இவர்கள் கடையில் வாங்கிய பொட்டலத்தையா கொண்டுபோவது? இனி இப்படி நடக்காது என்று நாஸா அதிகாரி ஒருவர் சபைக் குழு முன்னால் உறுதிகூற வேண்டியிருந்தது. யங்குக்குத் திட்டு விழுந்தது. ஆனாலும் 1972இல் நிலாவில் நடந்தார், 1981இல் முதல் ஸ்பேஸ் ஷட்டிலை ஓட்டினார். அவருடைய குறையெல்லாம் வேறு: அந்தச் சாண்ட்விச்சில் கடுகு விழுதுகூட இல்லையாம்.

துகள் பிரச்சினையைத் தீர்த்தது ஒரு மெக்சிகோக்காரர். 1985இல் ஷட்டிலில் போன ரொடோல்ஃபோ நெரி வேலா கையோடு சப்பாத்தி மாதிரியான டார்ட்டியா கொண்டுபோனார். துகளாக உதிர்ந்து மிதக்காது, எதை வேண்டுமானாலும் சுருட்டிக்கொள்ளலாம். அன்றிலிருந்து விண்வெளியில் ரொட்டிக்கு வேலை போயிற்று.

டார்ட்டியாவில் சுருட்டியது சாண்ட்விச்சா என்று கேட்டால் வம்பு. 2006இல் மாசசூசெட்ஸில் இதற்காகவே ஒரு வழக்கு நடந்தது. வணிக வளாகத்தில் வேறு சாண்ட்விச் கடைக்கு இடம்விடக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருந்த ஒரு கடை, டார்ட்டியாவில் சுருட்டிய பரிட்டோ விற்கும் கடை உள்ளே வருவதை எதிர்த்து நின்றது. நீதிபதி அகராதியைப் புரட்டி, சமையல் நிபுணர்களின் வாக்குமூலத்தைப் படித்து, பரிட்டோ சாண்ட்விச் அல்ல என்று தீர்ப்பளித்தார். நியூயார்க் மாநில வரித்துறைக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. பரிட்டோவும் சாண்ட்விச், ஹாட் டாகும் சாண்ட்விச், வெண்ணெய் தடவிய பேகலும் சாண்ட்விச். வரியை எடுத்து வை.