ஏழாயிரம்பண்ணை மாலைத் தேநீர்: மெய்ப்பாட்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

பட்டாசு ஆபீஸ் வேலை முடிந்து, மாலையில் வேனை விட்டு இறங்கும் ஒருவர், வீட்டுக்குப் போகும் வழியில் நின்று குடிக்கும் முதல் கிளாஸ் டீயினால் அவரிடத்தே தோன்றும் நிறைவு எத்தகையது, அது எதனால் விளைகிறது என்பதே இவ்வாய்வின் பொருளாகும். இந்த டீ, பிற டீக்களிலிருந்து பிரித்தறியப்படும் பொருட்டு, இக்கட்டுரை முழுவதும் 'இறங்கு டீ' என்றே குறிக்கப்படும். காலையில் எழுந்ததும் குடிப்பது, விருந்தாளி வந்ததற்காகக் குடிப்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்காமல் குடிப்பது ஆகியவை இவ்வரையறைக்குள் அடங்கா. 'ஆபீஸ்' என்ற சொல்லைக் கண்டு நாற்காலியையும் மின்விசிறியையும் எண்ணிக்கொள்ளும் வெளியூர் வாசகர் பொருட்டு ஒன்று கூறவேண்டும்: சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் ஆலைகளுக்கே ஆபீஸ் என்று பெயர்.

காப்பியின் சமூக வரலாற்றை ஆராய ஆ. இரா. வேங்கடாசலபதி வாய்த்தார், 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலும் நமக்குக் கிடைத்தது. நடுத்தர வர்க்கத்துக் கூடத்தில் டபராவில் ஆறிய காப்பிக்குக் கிடைத்த அந்தக் கொடுப்பினை, உழைப்பாளிகள் தெருமுனையில் நின்றபடி குடித்த டீக்கு அதே அளவில் கிட்டவில்லை. அக்குறையில் ஒரு கிளாஸ் அளவையேனும் நிரப்ப முயல்வதே இக்கட்டுரையின் பணிவான நோக்கம்.

ஆய்வுக் களமான ஏழாயிரம்பண்ணை, விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டில், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ளது. 1799ஆம் ஆண்டு பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களுள் இதுவும் ஒன்று என்பது வரலாறு. அக்காலத்துப் பாளையக்காரர் மாலை வேளையில் என்ன பருகினார் என்பது தெளிவாகாவிடினும், டீ பருகவில்லை என்பது மட்டும் உறுதி. அசாமில் தேயிலை பயிரிடத் தொடங்கியதே 1830களில்தான். விளைந்த தேயிலையை இந்தியர்களும் குடிக்கவேண்டும் என்ற எண்ணம் தோட்ட முதலாளிகளுக்கு அதற்கும் வெகுநாள் கழித்தே வந்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்றுமதித் தேயிலை மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு டீக்கு விளம்பரம் செய்யக் கல்கத்தாவில் ஒரு குழு அமர்ந்தது. அதே கல்கத்தாவுக்கு 1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து ரயிலேறிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு ஆண்டே ஊர் திரும்பி அதைத் தொடங்கினர் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். மழை பொய்த்த கரிசலுக்கு நெருப்பைச் செய்யும் தொழிலும், நெருப்பில் கொதிக்கும் டீயைக் குடிக்கும் வழக்கமும் ஒரே ஊர் வழியாக வந்து சேர்ந்தன என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் தற்செயலை ஒப்புக்கொள்ளும் ஆய்வாளருக்குப் பட்டம் கிடைப்பதில்லை.

இனி நூற்பொருளுக்கு வரலாம். நெருப்பு இருவகைப்படும் என்பது இவ்வாய்வின் அடிப்படை. ஒன்று அடங்கு தீ; அதாவது வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி முதலியன கலந்த மருந்தாகக் குழாய்க்குள் உறங்கி, வேறொரு நாளில் வேறொரு ஊரில் எழப்போகும் தீ. மற்றது அடுப்புத் தீ. பட்டாசு ஆபீஸ் என்பது முதலாவதை மட்டும் குவித்து வைத்து, இரண்டாவதை அடியோடு விலக்கிய இடமாகும். நாட்டில் வெடிக்கும் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் இந்த வட்டாரத்தில், செய்கிறவர் மடியில் ஒரு தீப்பெட்டி இருந்தால் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். பீடி ஆகாது, செல்போன் ஆகாது, லாடம் அடித்த செருப்பு ஆகாது, நைலான் சேலை ஆகாது. மருந்து அறைக்குள் நுழையுமுன் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு வரவேண்டும். இரும்புக் கருவி தீப்பொறி தரும் என்பதால் மரமும் பித்தளையுமே கருவிகள். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரலாகாது என்பது விதி. விதி எல்லா இடத்திலும் விதியாகவே இருக்கிறதா என்ற வினாவை இக்கட்டுரை பின்னர் ஒருமுறை தொட்டுச் செல்லும்.

ஆகவே காலை வேன் ஏறியது முதல் மாலை வேன் இறங்கும் வரை அவ்வூழியர் சூடான பொருள் எதையும் வாயில் வைக்க வழியில்லை. தூக்குச்சட்டியில் விடியுமுன் அடைத்த சோறு, நண்பகலில் வேப்பமரத்தடியில் திறக்கப்படும்போது ஆறி, கட்டிதட்டி, குழம்பின் எண்ணெய் தனியே பிரிந்து நிற்கும். இதனைப் 'பகற்குளிர்ச்சி' எனலாம். வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் சித்திரையிலும் பகற்குளிர்ச்சி குறைவதில்லை என்பதால், இது தட்பவெப்பத்தைச் சார்ந்ததன்று, அடுப்பைச் சார்ந்தது என்பது பெறப்படும். நாள் முழுவதும் நெருப்பைக் கையால் அளந்து, குழாயில் திணித்து, திரி சொருகி, கட்டுக் கட்டி அடுக்கிய ஒருவர், அந்த நாளில் முதன்முதலாகக் கண்ணால் காணும் நெருப்பு டீக்கடை அடுப்பில் எரிவதேயாகும்.

இறங்கு டீயின் செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. பாய்லரின் சூட்டில் பால் காய்ந்துகொண்டிருக்க, வடிதுணியில் ஊறிய தூளிலிருந்து டிக்காஷன் இறங்கி, சீனி விழுந்து, மாஸ்டரின் இரு கைகளுக்கிடையே ஒரு முழ நீளத்துக்கு ஆற்றப்பட்டு, நுரையோடு கிளாஸுக்கு வருகிறது. ஆய்வுக்குரியது வாங்கும் கைதான். அலுமினியப் பொடி படிந்த கையை எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணிலும் ரேகைகளிலும் வெள்ளி நிறம் தங்கிவிடும். அக்கை கிளாஸின் விளிம்பைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் பற்றும்போது, சூடு தாங்காமல் விடுவதில்லை, இன்னும் சற்று இறுக்கிப் பிடிக்கிறது. முதல் மிடறு முடியும் வரை பேச்சில்லை. இரண்டாவது மிடறுக்குப் பின்னரே, "அண்ணாச்சி, சேவு ஒரு பொட்டலம்" என்ற குரல் எழும். சேவு என்றால் இங்கே சாத்தூர்க் காராச்சேவு. கடலைமாவில் வற்றல்பொடியும் பூண்டும் சேர்த்துப் பிசைந்து, கண்கரண்டியில் தேய்த்து, கொதிக்கும் எண்ணெயில் நேரே விழவிடுவது. டீயின் இனிப்பு நாவில் இருக்கும்போதே சேவின் காரம் சென்று அதை இடைமறிப்பதும், அக்காரத்தைத் தணிக்க மீண்டும் டீயை நாடுவதும் ஆகிய இச்சுழற்சி, இரண்டில் ஒன்று தீரும் வரை நிற்பதில்லை. டீயும் சேவும் ஒரே நேரத்தில் தீரும்படி அளந்து உண்பவர் இவ்வூரில் தேர்ந்தவராகக் கருதப்படுகிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களுக்கே பொருந்தும் என்பது இத்துறையின் பெருங்குறை. பட்டாசு, தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் பெருந்தொகையினராக இருந்தும், வேன் இறங்கியதும் டீக்கடை முன் நின்று குடிக்கும் பெண்கள் அரியர். அவர்கள் சேவுப் பொட்டலத்தைப் பிள்ளைகளுக்கென்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே வீட்டுக்குப் போகிறார்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளாக இருந்தால் முதலில் குடம், பிறகு வாசல், பிறகு உலை. இவற்றுக்கெல்லாம் நடுவில், ஓரத்து அடுப்பில் தாமே போட்டுக்கொள்ளும் டீ, பாதி குடித்த நிலையில் ஆறிப்போய் மறுபடியும் சுடவைக்கப்படுகிறது. இதனை 'ஒத்திவைக்கப்பட்ட இறங்கு டீ' என்று வகைப்படுத்துவதே வழக்கு; ஆனால் யார் ஒத்திவைத்தார், எந்தச் சட்டத்தின்படி என்று எந்த உரையாசிரியரும் விளக்கியதில்லை. பக்கத்து வீட்டு மதினி தன் கிளாஸோடு வந்து வாசற்படியில் அமரும் நாட்களில் மட்டும் இந்த டீ ஆறுமுன் குடித்து முடிக்கப்படுகிறது. எனவே பெண்களின் இறங்கு டீக்கு அடுப்போடு மதினியும் இன்றியமையாத உறுப்பு எனக் கொள்ளவேண்டும்.

இந்நிறைவு எந்த மெய்ப்பாட்டின்பாற் படும்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு வகை கூறி, அவற்றுள் உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களங்களை வகுத்தார். இறங்கு டீ செல்வத்தின்பாற் படாது. அது பெரும்பாலும் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பிக் கணக்கு நோட்டில் எழுதிக் குடிக்கப்படுவது. புணர்வும் விளையாட்டும் பொருந்தாமை வெளிப்படை. எஞ்சிய புலன் ஓரளவு பொருந்தும் எனினும், நாவின் சுவை மட்டுமே காரணமாயின் அதே டீ காலையிலும் அதே நிறைவைத் தரவேண்டும், தருவதில்லை. ஆதலின் விடை உவகைப் பகுதியில் இல்லை. அச்சப் பகுதியில் தேடப்படவேண்டும். அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கே களன் கூறப்பட்டுள்ளன. மருந்து கூறப்படவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரையும், 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரையும் கொண்டுபோனது மருந்துதான். நான்கு பேருக்கான அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி இத்தகைய ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் கேட்கப்படுகிறது, பின்னர் அடங்கிவிடுகிறது. அந்த அச்சத்தைக் காலை முதல் வாய்விட்டுச் சொல்லாமல் சுமந்த ஒருவர், வேன் இறங்கி, கால் தரையில் பட, அதைக் கீழே வைக்கும் இடமே டீக்கடை. இறங்கு டீயின் நிறைவு என்பது அச்சம் நீங்கியதால் வரும் ஐந்தாவது உவகை என்பது இக்கட்டுரையின் துணிபு.

இந்நிறைவில் நன்றியும் கலந்துள்ளது என்றால், "நன்றி என்பது உதவி செய்த ஒருவர்பால் தோன்றுவதன்றோ? வள்ளுவர் பதினோராம் அதிகாரத்தில் வகுத்ததும் அதுவேயன்றோ? இங்கே உதவியவர் யார்?" என வினவுவார் உளர். டீ மாஸ்டர் என்றால் அவர் காசு வாங்குகிறார். பசு என்றால் அதற்குச் செய்தி போய்ச் சேர்வதில்லை. முதலாளி என்ற கருத்தும் சில வட்டாரங்களில் முன்வைக்கப்படுகிறது. நாளெல்லாம் சூடின்றி வைத்தவருக்கு, மாலைச் சூட்டின் பெருமையைக் கொடுப்பது முறையன்று. ஒரு கிளாஸ் டீயில் மனம் நிறைபவருக்குக் கூலி உயர்வு எதற்கு என்று யாரேனும் இக்கட்டுரையை மேற்கோள் காட்ட முற்பட்டால், தீப்பெட்டி விலையை நினைவூட்டலாம்: 2007 முதல் ஒரு ரூபாயில் நின்ற தீப்பெட்டி, மூலப்பொருள் விலை கட்டுப்படியாகவில்லை என்று 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. தீப்பெட்டிக்கே கட்டுப்படியாகாமல் போகும் என்றால் அதைச் செய்தவருக்கும் போகும். ஆக, உதவியவர் இன்றியும் நன்றி தோன்றும் என்றே கொள்ளவேண்டியுள்ளது. அது யாரை நோக்கியும் அன்றி, கிளாஸை நோக்கிச் சற்றுக் குனிந்த நிலையில் வெளிப்படும்.

இடையில் ஒரு புறனடை. வானம் இடித்தால் ஆபீஸில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அன்று இறங்கு டீ பிற்பகலிலேயே நிகழ்ந்துவிடும். மண் வாசனையும் மழையும் உடன் சேர்வதால் இது உயர்ந்த வகை எனப் பிற மாவட்டத்தார் எளிதில் கருதுவர். ஆனால் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி வாங்குபவருக்கு நின்றுபோன வேலையின் கணக்கு ஒவ்வொரு மிடறிலும் வந்து உட்காரும். மேலும், மறுநாள் காயவைக்க வெயில் வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே குடிப்பதால் பாதி டீ கவனமின்றி உள்ளே போய்விடும். மழை டீயைப் பற்றிப் பாடல் எழுதியவர்களில் பட்டாசு ஆபீஸ்காரர் எவரும் இல்லாமைக்கு இதுவே காரணமாகலாம்.

 

இந்நிறைவு அச்சம் நீங்கியதால் வருவது என்ற மேற்கண்ட துணிபைச் சோதிக்க இரண்டு வாய்ப்புகள் இயற்கையாகவே அமைந்துள்ளன. தீபாவளி முடிந்து ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கும் நாட்களில், அதே கடையில், அதே பெஞ்சில், அதே ஆட்கள் பகல் முழுவதும் டீ குடிக்கிறார்கள். நிறைவுக்குரிய அறிகுறி எதுவும் அவர்கள் முகத்தில் காணப்படுவதில்லை, அடுத்த முன்பணம் எப்போது என்ற பேச்சே காணப்படுகிறது. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. ஆற அமர எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறிக்குழம்பு உண்டு, மாலையில் வெள்ளை வேட்டியோடு கடைக்கு வருகிறவர், முதல் மிடறிலேயே முகத்தைச் சுளித்து, "மாஸ்டர், பால்ல தண்ணியா, தண்ணியில பாலா?" என்று கேட்பதும், கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டுப் பேப்பரை எடுப்பதும் ஞாயிறுதோறும் தவறாமல் நிகழ்வன. இதுபற்றி டீ மாஸ்டர்களின் தரப்பு ஒருமித்ததாக உள்ளது: பால் அதேதான், திங்கள் முதல் சனி வரை ஊற்றும் தண்ணீரைவிட ஞாயிறன்று ஒரு சொட்டுக்கூட அதிகம் ஊற்றுவதில்லை.