தினம் ஒரு படம்

ஜனவரி பிறந்தால் ஆத்தூர் காமராஜர் அணைக்கு மவுசு கூடிவிடுகிறது. திண்டுக்கல்லுக்குக் குடிநீர் தருவது அதன் பகுதிநேர வேலைதான். முழுநேர வேலை, பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் புத்தாண்டுத் தீர்மானங்களைத் தாங்குவது.

'தினம் ஒரு படம், வருஷத்துக்கு 365' என்பது சபதம். பாராட்டத்தான் வேண்டும். அமெரிக்கப் புகைப்பட மேதை ஆன்சல் ஆடம்ஸ், வருஷத்துக்கு 12 நல்ல படம் தேறினாலே அமோக விளைச்சல் என்றவர். பாவம், லட்சியம் போதாத மனிதர்.

கருவி விஷயத்திலும் நம்மவர்கள் தெளிவு. பிரெஞ்சுக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைப் படம் எடுத்தார். வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடு காலம் தள்ளினார். தவணை வசதி தெரியாதவர் போலும். நம்மவர்கள் கொக்குக்கு ஒரு லென்ஸ், கொக்கு நிற்கும் பாறைக்கு ஒரு லென்ஸ், கொக்கு பறந்துவிட்டால் பின்னால் இருக்கும் மலைக்கு ஒரு லென்ஸ் என்று முறையாக வாங்குகிறார்கள்.

அதிகாலை வெளிச்சம்தான் அழகு என்பதால் அலாரம் நாலரைக்கே அடிக்கிறது. மார்கழிப் பனி லென்ஸுக்கு ஆகாது என்பதால், கருவியின் நலன் கருதிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். என்ன ஒரு பொறுப்பு!

பொங்கலுக்குள் தீர்மானம் பலித்தும் விடுகிறது. வாட்ஸப்பில் ஊரே மெச்சிய படம் ஒன்று கிடைத்துவிடும்: அணைக்கரைச் சுவரில் வைத்த புதுக் கேமரா, செல்போனில் எடுத்தது.

ஆகவே அன்பர்களே, வரும் வருஷமும் தவறாமல் தீர்மானம் எடுங்கள். தவணை இன்னும் பாக்கி இருக்கிறது.