தூக்கிய திருவடியோடு அடிலெய்டு போனவர்

தாமிரபரணிக் கரையில் பாவம் செய்வதுபோல் சௌகரியம் வேறெங்கும் கிடையாது. கல்லிடைக்குறிச்சியில் காரியத்தை முடித்துவிட்டு பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பாபநாசம். அகத்தியர் அருவியில் தலையைக் கொடுத்தால் கணக்கு நேர். ஊர்ப் பெயரிலேயே உத்தரவாதம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 1982 ஜூலை 5-ஆம் தேதி கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலில் கைவைத்தவர்கள் அருவிப் பக்கம் வந்த மாதிரித் தெரியவில்லை. சரக்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது.

கலைக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவில் யாரோ ஒரு நவீன ஓவியர் மேஜைமேல் நாலு ஆப்பிளையும் ஒரு கூஜாவையும் வைத்து வரைந்திருப்பார். அந்தப் படம் எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தச் சுவரில் தொங்கியது என்று ஆதியோடு அந்தமாகப் பட்டியல் வைத்திருப்பார்கள். ‘காட்சி வரலாறு’ என்று அதற்குப் பெயர். கூஜாவுக்கே இத்தனை பெரிய ஜாதகம் என்றால், அண்டத்தையே ஆட்டிவைக்கும் எங்கள் ஊர் நடராஜருக்கு எழுதாமல் விடலாமா? காளமேகம் இருந்திருந்தால் வெண்பாவாகவே ஏசியிருப்பார். நான் வசனத்தில் ஏசுகிறேன்.

முதல் காட்சி: கல்லிடைக்குறிச்சி. பல நூற்றாண்டுகள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆளோ இரண்டரை அடி உயரம், எடை சுமார் 100 கிலோ. ஆண்டுக்கு ஆறு அபிஷேகம், மார்கழித் திருவாதிரைக்குக் களி. மற்ற நாட்களில் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனியாக ஆட்டம். ஊர்க்காரர்கள் அவரை ‘கலைப்பொருள்’ என்று ஒருநாளும் நினைத்ததில்லை. “நடராசரு” என்றார்கள். அவ்வளவுதான் விவரக் குறிப்பு.

அந்த ஆனி மாதத்தில் அவரோடு கிளம்பியவர்கள் மூன்று பேர்: சிவகாமி அம்மை, மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர். கடைசி ஆளுக்குத் தினமும் வெளியே சுற்றி வந்து பழக்கம், அவரைக் குறை சொல்ல முடியாது. மாணிக்கவாசகர் கதைதான் பரிதாபம். அவருக்காக நரியைப் பரியாக்கிய சாமி, இந்த முறை தானே சரக்காகி அவரையும் சரக்காக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். காலடியில் கிடந்த முயலகனும் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் உடன் போனான்.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து ஒரு கட்டு அப்பளம் வெளியூர் போக வேண்டுமென்றால் பில் உண்டு, லாரி ரசீது உண்டு. 100 கிலோ சாமி வெளியூர் போனதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. போலீசில் வழக்குப் பதிவானது. 1984-இல் ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று கோப்பை மூடினார்கள். மாலும் அயனும் அடிமுடி தேடிக் கைவிரித்த பரம்பொருளை ஒரு ஏட்டையா இரண்டு வருஷம் தேடியதே பெரிய காரியம் என்று ஊரும் விட்டுவிட்டது.

இரண்டாம் காட்சி: இல்லை. 1982-இலிருந்து 2001 வரை 19 வருஷம் பட்டியலில் வெற்றிடம். வேலைக்கு மனுப் போடுகிற பையனின் பயோடேட்டாவில் 19 வருஷம் காலியாக இருந்தால், “இத்தனை நாள் எங்கே தம்பி இருந்தே?” என்று எந்த மேனேஜரும் கேட்பார். உலகப் பெரும் கலைக்கூடங்கள் மட்டும் இந்த மாதிரி இடத்தில் அசாத்திய நாகரிகம் காட்டும். அடுத்தவர் அந்தரங்கத்தில் தலையிடுவதில்லை.

மூன்றாம் காட்சி: அடிலெய்டு. 1881-இல் தொடங்கிய தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001-இல் லண்டன் வியாபாரி ஒருவரிடமிருந்து அவரை வாங்கியது. கள்ளச் சரக்கு என்று அவர்களுக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. அங்கே தீபாராதனைக்குப் பதிலாக விளக்கு வெளிச்சம், எண்ணெய்க் காப்புக்குப் பதிலாக ஏசிக் காப்பு. மார்கழி அந்த ஊரில் கோடைகாலம் என்பதால் திருவாதிரைக் குளிர் கிடையாது. களியும் கிடையாது. வருகிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் திருவிழாவுக்குத் திருவிழா கிடைத்த தரிசனம் அங்கே தினசரி கிடைத்தது. பூட்டும் நல்ல பூட்டு.

இதற்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. கும்பகோணம் பக்கம் சிவபுரம் நடராஜர். பழுது பார்க்கப் போன இடத்தில் அவரை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பி அனுப்பினார்கள். ஊர் அதைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அசலை 1973-இல் 9 லட்சம் டாலருக்கு வாங்கியவர் அமெரிக்கக் கோடீசுவரர் நார்ட்டன் சைமன். விஷயம் வெளியே வந்து வழக்கானது. 1976-இல் சமரசம்: சாமி இந்தியாவுக்குத்தான், ஆனால் பத்து வருஷம் சைமன் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். நம்மூரில் வீட்டை ஒத்திக்கு விடுவார்கள், வயலை ஒத்திக்கு விடுவார்கள். சாமியைப் பத்து வருஷ ஒத்திக்கு விட்டது அதுதான். 1986-இல் ஒத்தி மீட்டு நாடு திரும்பினார்.

எங்கள் பள்ளத்தாக்கும் லேசுப்பட்டதல்ல. கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றோடு கீழே போனால் அத்தாளநல்லூர். முதலை பிடித்த யானை ‘ஆதிமூலமே’ என்று கத்தியதும் பெருமாள் கருடன்மேல் பறந்து வந்தது அங்கேதான் என்பார்கள். அதே ஊர் மூன்றீஸ்வரமுடையார் கோயிலில் 1990-களின் நடுவில் களவு போனவர்கள் யார் தெரியுமா? துவாரபாலகர்கள். வாசல் காவல்காரர்களையே தூக்கிவிட்டார்கள்! யானைக்கு உடனே வந்தவர் இவர்களுக்கு ஏனோ வரவில்லை. நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக 2005-இல் கான்பெரா தேசியக் கலைக்கூடத்தில் டூட்டிக்குச் சேர்ந்தார்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசன் கையோடு கூட்டிவருவதாக ஏற்பாடு. அங்கே காட்டுத்தீ பிடித்துக்கொள்ள, பயணம் ரத்து. பிறகு அந்த ஆண்டிலேயே வந்தார்கள். டெல்லியில் தமிழ்நாட்டிடம் ஒப்படைத்தது 2022 ஜூன் 1. அடுத்தவனை வாசலில் நிறுத்துவதே தொழிலாக இருந்தவர்களை இத்தனை வாசலில் நிறுத்திவிட்டார்கள்.

அன்று அவர்களோடு டெல்லியில் நின்ற இன்னொருவர் கங்காளமூர்த்தி. 1985-இல் ஆழ்வார்குறிச்சி நரசிங்கநாதர் கோயிலிலிருந்து போனவர், 2021-இல் அமெரிக்காவிலிருந்து மீண்டவர். பாவம் தீர ஊர் ஊராக அலைகிற கோலம்தான் கங்காளர் கோலம். எட்டிப்பிடிக்கிற தூரத்தில் பாபநாசத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கா வரை அலைந்திருக்கிறாரே என்று டீக்கடை அண்ணாச்சியிடம் அங்கலாய்த்தேன். “உள்ளூர் தண்ணி யாருக்குவே ருசிச்சிருக்கு?” என்றார்.

நான்காம் காட்சிக்கு வருவோம். கல்லிடைக்குறிச்சிக்காரர் எப்படி மாட்டிக்கொண்டார்? இங்கேதான் கதையின் மானக்கேடான பகுதி. சாமி நம்முடையது, கோயில் நம்முடையது, பதிவேடும் நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம். திருட்டுக்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த நிறுவனத்தார் கோயில் கோயிலாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்து அடுக்கி வைத்திருந்தார்கள். சிலைகளைத் தேடி அலைவதையே வேலையாக வைத்திருக்கும் எஸ். விஜயகுமார் போன்ற தன்னார்வலர்கள் அந்தப் படத்தை அடிலெய்டுக்காரரோடு பொருத்திப் பார்த்தார்கள். கையால் செய்த ஐம்பொன் சிலையில் ஒன்றைப்போல் இன்னொன்று அச்சாக அமையாது. திருவாசியில் ஒரு நெளிவு, சடையில் ஒரு குறை போதும், ஆள் சிக்கிவிடுவார். மச்சத்தை வைத்துக் காணாமல்போன அண்ணனைக் கண்டுபிடிக்கிற சினிமாவை நாம் சும்மா கேலி செய்திருக்கிறோம்.

அடிலெய்டு கலைக்கூடம் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டது. 2019 செப்டம்பரில் அவர் கடல் தாண்டி டெல்லி வந்தார். அங்கிருந்து ரயில். செப்டம்பர் 13-ஆம் தேதி சென்னை சென்ட்ரலில், பொன். மாணிக்கவேல் தலைமையிலான சிலைக் கடத்தல் தடுப்புப் போலீசார் சூழ இறங்கினார். மேளம் முழங்கியது. பிளாட்பாரத்திலேயே கும்பிட்டார்கள். 18 வருஷம் ‘கலைப்பொருள்’ ஆக நின்றவர் ஒரே நிமிஷத்தில் மறுபடியும் நடராசரு ஆனார். கல்லிடைக்குறிச்சியும் திருவிழாவாக எழுந்து வரவேற்றது.

அண்ணாச்சி கணக்குப் பிள்ளை மாதிரி விரல் விட்டார். ஆண்டுக்கு ஆறு வீதம் 37 வருஷத்துக்கு 222 அபிஷேகம் பாக்கி. “அதை விடும். 37 வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்த மனுசன் பொஞ்சாதிய எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவாரு?” அன்று வந்தவர் அவர் ஒருவர்தான். உடன் போன மூன்று பேரும் அந்த ரயிலில் இல்லை.

திருடனைத் திட்டலாம், லண்டன்காரனைத் திட்டலாம், வெள்ளைக்காரக் கலைக்கூடத்தைத் திட்டலாம். மூன்றும் நியாயம்தான். ஆனால் ஒற்றைக் காலில் நின்றாலும் சாமி ஆடாமல் அசையாமல்தான் நின்றார். நிற்கக் கால் இல்லாமல் போனது நம் கணக்குப் புத்தகம். கூஜாவும் ஆப்பிளும் எங்கெங்கே தொங்கின என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. கும்பிட்ட கடவுளின் உயரத்தை அளந்து எழுதிவைக்க நமக்கு ஆள் இல்லை.

அடுத்த முறை பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்பும்போது உங்கள் ஊர்க் கோயிலில் இறங்குங்கள். ‘புகைப்படம் எடுக்கக் கூடாது’ என்று பலகை மாட்டியிருக்கும். சரி, பக்தர்கள் எடுக்க வேண்டாம். நிர்வாகமாவது உற்சவர்களை நாலு பக்கமும் படம் எடுத்து, அளந்து, பதிந்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் பாவம் ஒன்றுமில்லை.