கேடயம் பற்றும் துறை: தென்சென்னைத் தொடக்கப் பள்ளிப் பரிசளிப்பு குறித்த ஓர் ஆராய்ச்சி

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியனின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கனின் இயல்பு, பாடம் கேட்கும் முறை என்னும் ஐந்தையும் ஐயமற வரையறுத்தபின், பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நூற்பாகூட ஒதுக்காமல் விட்டது, தமிழ் இலக்கண வரலாற்றில் இதுவரை எவரும் வருந்தாத பெருங்குறையாகும். ஆண்டு விழா எனப்படுவது, மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூவகை நிலத்திலும், மார்கழிக் கச்சேரிகள் ஓய்ந்து சபா அரங்குகள் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கும் பருவத்தில், இறைவணக்கத்தில் தோன்றி நாட்டுப்பண்ணில் ஒடுங்கும் நிகழ்வு. அதன் நடுப்பகுதியாகிய பரிசளிப்பே இங்கு ஆராயப்படுகிறது. பரிசு பெறுவோர் மாணாக்கர், ஆசிரியர் முதலிய பணியாளர், பெற்றோர் என மூவகையினர்.

மாணாக்கரை நன்னூல் தலை, இடை, கடை எனப் பகுத்து, அன்னத்தையும் பசுவையும் தலைக்கும், மண்ணையும் கிளியையும் இடைக்கும், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கையும் கடைக்கும் உவமை கூறுகிறது. இக்காலத் தொடக்கப் பள்ளிகளோ கடை என்னும் வகையையே நீக்கி, ஒரு குழந்தையும் வெறுங்கையுடன் வீடு திரும்பலாகாது என்ற அறத்தை மேற்கொண்டமையால், ஒரு செடியிலும் நிலைத்து மேயாத ஆட்டுக்குப் ‘பன்முக ஆர்வம்’ என்றும், குளத்தைக் கலக்கும் எருமைக்குத் ‘தலைமைப் பண்பு’ என்றும், ஓட்டைக் குடத்துக்குப் ‘பகிர்ந்துகொள்ளும் மனம்’ என்றும் சான்றிதழ் அச்சிடுகின்றன. நெய்யரி என்பது நெய் வடிகட்டும் பன்னாடை. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்வது. இவ்வகை மாணாக்கருக்கு மட்டும் பள்ளியில் பரிசு காணப்படவில்லை. ஆயினும் பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்டம் அளித்து இவ்விழப்பை ஈடுசெய்துவிடுகின்றன.

குழந்தைக்குப் பரிசும் வேண்டாம், தண்டனையும் வேண்டாம் என்ற கொள்கையுடைய மரியா மாண்டிசோரி, 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஆவார். அவருடைய மர உருளைகளையும் மணிச்சரங்களையும் இவ்வட்டாரத்தார் போற்றிப் பாதுகாத்தனர். கொள்கையை, இடம் போதாமையால், வைத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியர்க்குரிய நாள் செப்டம்பர் 5. மயிலாப்பூரில் வீடு கொண்டு வாழ்ந்தவரும், அவ்வீடு இருந்த சாலைக்கே தம் பெயரை அளித்தவருமான டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாள், அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியர் தம்மைத் தாமே முன்மொழிந்துகொள்ளலாம் என்று விதி மாற்றப்பட்டபோது, தற்புகழ்ச்சி தகாது என்ற பழைய மரபை நினைந்து மனம் கலங்கியோர் உளர். அவர் கலங்க வேண்டுவதில்லை. தன்னைத் தானே புகழலாம் என நன்னூல் விலக்களிக்கும் நான்கு இடங்களுள் முதலாவது, அரசவைக்கு ஓலை விடுக்கும் இடமே. இணையவழி விண்ணப்பம் அவ்வோலையின்பாற்படும். இரண்டாவது, தன் ஆற்றலை அறியாதார் நடுவே. இது தலைமையாசிரியர் அறையைக் குறிக்கும்.

ஆயா, காவலாளி, சமையலர் ஆகியோர் நன்றியுரையில் ‘மற்றும் பலர்’ என்னும் சொற்றொடரால் சிறப்பிக்கப்படுவர். 1920இலேயே மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்கச் செய்த பிட்டி தியாகராயரின் பெயரை ஒரு நகருக்கே சூட்டிய ஊரில், அவ்வுணவைச் சமைப்பவருக்கு ஒரு கேடயம் கிட்டாமைக்கு இலக்கணக் காரணம் எதுவும் புலப்படவில்லை.

பெற்றோருக்கு நன்னூலில் தனி இலக்கணம் இல்லை எனினும், பாடம் கேட்கத் தகுதியுடையோர் அறுவரை வரிசைப்படுத்துமிடத்து, பொருளை மிகுதியாகக் கொடுப்பவனை நான்காம் இடத்திலும், சொன்னதைப் புரிந்துகொள்பவனை ஆறாம் இடத்திலும் வைத்திருப்பது, நன்கொடை வாங்கும் பள்ளிகள் மரபு வழுவாதவை என்பதற்குத் தக்க சான்று. ‘சிறந்த பெற்றோர்’ விருது பெரும்பாலும் தாய்மார்க்கே உரியது. கபாலீசுவரர் கோபுரத்தை இரவு பதினொரு மணிக்குத் தெர்மாகோலில் எழுப்பி, மறுநாள் காலை அதைத் தன் கையாலேயே செய்ததாகச் சொல்லும்படி குழந்தைக்குப் பயிற்சியும் அளிப்பவர் அவரே. தந்தையார் புகைப்படத்துக்கு வருவர்.

இனி, தலையாய பகுதியாகிய கேடயம் பற்றுதல். கேடயம், வழக்கில் ஷீல்டு, என்பது பழுப்புப் பலகையில் பொன்னிறத் தகடு ஒட்டி, பள்ளியின் பெயர் பெரிதாகவும் குழந்தையின் பெயருக்கு இடமில்லாமலும் செய்யப்படும் பொருள். பற்றுதல் என்பது சிறப்பு விருந்தினர் அதைக் கொடுக்கத் தொடங்கும் கணத்துக்கும் குழந்தை அதை உள்ளபடியே பெறும் கணத்துக்கும் இடைப்பட்ட நிலை. அந்நிலையில் மேல் விளிம்பை விருந்தினரும், வலப்புறத்தைத் தாளாளரும், இடப்புறத்தைத் தலைமையாசிரியையும், எஞ்சிய கீழ்மூலையைக் குழந்தையும் பற்றி நிற்பர். கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே அறிந்த குழந்தை வெடுக்கென இழுக்கும், விருந்தினர் விடார், “சார், இன்னொண்ணு” என்பார் புகைப்படக்காரர், “இங்க பாரு கண்ணா, இங்க” என்று மேடையோரத்திலிருந்து வகுப்பாசிரியை கையசைப்பார்.

அந்நொடியில் கேடயம் யாருடையது? விருந்தினருடையதே என்பது வடக்கு மாடவீதி மரபு. தாளாளருடையது என்பது தெற்கு மாடவீதி மரபு. இவ்விரு மரபினரும் ஒருவரை ஒருவர் மறுத்து எழுதிய நூல்கள் அலமாரி கொள்ளாதவை. ஒருவர் நூலை ஒருவர் படித்ததற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை. தொல்காப்பியத்தின் காலம் பற்றிய விவாதங்களைக் கண்டவர்க்கு இது புதுமையன்று. மூன்றாவதாகிய பாண்டி பஜார் பாடம், பில் இன்னும் தீர்க்கப்படாமையின் கேடயம் கடைக்காரருடையது என்கிறது. இதற்கு ஆதாரம், பள்ளி அலுவலகத்து இரும்பு பீரோவின் மேல்தட்டில், ‘இதர செலவு’ என்று அட்டையில் எழுதிய கோப்பில், சாம்பார்க் கறைக்குக் கீழ் ஏழாம் வரியில் உள்ள பென்சில் குறிப்பு. கறை ‘பாக்கி’ என்னும் சொல்லை மறைக்கிறதா, அல்லது அச்சொல்லாகத் தோன்றுவதே கறையா என்பதில் உரைகாரர் வேறுபடுவர். அதை முகர்ந்து அரைத்துவிட்ட சாம்பார் எனத் துணிந்த ஒருவர், அவ்வொன்றைக் கொண்டே கோப்பின் காலத்தைப் பத்து ஆண்டு முன்தள்ளினார். அது வத்தக்குழம்பே என மறுத்து இன்னொருவர் இரு தொகுதிகள் வெளியிட்டுள்ளார்.

கேடயம் குழந்தையுடையது என்னும் நான்காம் கருத்தை எம்மரபினரும் எடுத்துரைக்கவில்லை. பெரியவர் மூவர் பற்றும் உயரம் அவர்தம் மார்பளவு ஆதலின், அது மூன்றாம் வகுப்புக் குழந்தையின் முகத்தளவாகி, கிடைத்த படங்கள் யாவற்றிலும் கேடயத்துக்கு மேலே எண்ணெய் தடவி வாரிய வகிடும், கீழே கறுப்பு ஷூவும் மட்டுமே பதிவாகியுள்ளன. பரிசு பெற்ற குழந்தையின் முகம் தெளிவாகத் தெரியும் ஆண்டு விழாப் படம் ஒன்றேனும் வைத்திருக்கும் பெற்றோர், அதை இவ்வாய்வுக்கு இரவலாகத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். ஆல்பம் பத்திரமாகத் திருப்பி அனுப்பப்படும்.