யாருக்கும் பயப்படாத மகள்

நாட்றாம்பாளையம் கிராமத்து அப்பாக்களிடம் பெண் வளர்ப்பை நாடே கற்றுக்கொள்ள வேண்டும். ராகிக் கொல்லையில் காய்ந்துகொண்டே மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். 2022 முதல் அரசும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் போடுகிறது. அப்புறம் வேலை. போச்சம்பள்ளி ஓலா ஆலையில் பெண்கள் மின்சார ஸ்கூட்டர் பூட்டுவதைப் பார்த்து அப்பாவுக்கு நெஞ்சு விம்முகிறது.

"எவனுக்கும் பயப்படாதே சாமி, உன் உரிமையைக் கேட்டு வாங்கு!"

கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கலாம். சூப்பர்வைசரிடம் ஓவர்டைம் பணம் கேட்கலாம். யானையே வந்தாலும் என்ன விஷயம் என்று கேட்கலாம். அப்பாவிடம் மட்டும் நிலத்தில் பங்கு கேட்கக் கூடாது. தைரியத்துக்கும் ஓர் எல்லைக்கல் வேண்டும். அதைக் கொல்லை வரப்பிலேயே நட்டிருக்கிறார்கள்.

குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-இல் தமிழ்நாடும், 2005-இல் மத்திய அரசும் சட்டம் செய்தன. பிறந்தபோதே அந்த உரிமை வந்துவிட்டது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. பாவம், அவர்களுக்கு அண்ணன்களைத் தெரியாது.

ஆகவே கல்யாணம் முடிந்த கையோடு சார்பதிவாளர் அலுவலகம். மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயார். தன்னம்பிக்கையோடு வளர்ந்த மகள் நடுங்காமல் கையெழுத்துப் போடுவாள், வளர்ப்பு அப்படி.

போன வாரம் ஒருத்தி பத்திரத்தை முழுக்கப் படித்தாளாம். "நல்லா இருக்குப்பா. அண்ணனுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதுங்க. நானே வண்டியில கூட்டிட்டு வர்றேன்."